ஆளில்லாமல் ஓட்டிய மினி டிராக்டர் கிணற்றுப் பக்கம் போய்விட்டது – எங்கே தப்பு செய்தேன்?

ஆழியாத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஆனைமலைப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு, 25 அடிக்கு ஒரு மரம். கோயம்புத்தூரில் ஒன்பது வருடம் பம்ப் பேனல் கம்பெனியில் போர்டு வேலை பார்த்தேன். அப்பாவுக்கு முட்டி தேய்ந்ததும் ஊருக்கே வந்துவிட்டேன். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நாம் கேட்கிற நாளில் வருவதில்லை. அதனால் எங்கள் பழைய 24 எச்.பி. மினி டிராக்டரை ஆளில்லாமல் ஓட வைக்கலாம் என்று பத்து மாதமாக மல்லுக்கட்டுகிறேன்.

ஸ்டீயரிங் தண்டுக்குச் செயின் போட்டு ஒரு லாரி வைப்பர் மோட்டார். கிளட்சுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று லீனியர் ஆக்சுவேட்டர் (தண்டை நீட்டி மடக்கும் மோட்டார்). கை ஆக்சிலேட்டருக்கு ஒரு செர்வோ, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார். முன்சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்கக் காந்தக் கோண சென்சார். எல்லாவற்றையும் ஒரே மைக்ரோகன்ட்ரோலர் (சின்னக் கம்ப்யூட்டர் சிப்) போர்டு பார்த்துக்கொள்கிறது. வண்டி இருக்குமிடத்தைச் சாட்டிலைட் வைத்துத் துல்லியமாகச் சொல்ல ஆர்.டி.கே. கருவி, அதன் பேஸ் வீட்டு மொட்டைமாடியில். (மரத்தடியில் அந்தத் துல்லியம் போய்ப் போய் வருவது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சால் முடிந்து திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ரிமோட்டில் நிறுத்து பட்டனை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே ஓடினேன். சொட்டுநீர்க் குழாயை அறுத்துக்கொண்டு அது கிணற்றைப் பார்த்துப் போகிறது. எங்களுடையது தாத்தா காலத்துக் கிணறு, மூன்று பக்கம்தான் சுவர் உண்டு. தாவி ஏறிச் சாவியைத் திருப்பினேன். போர்டில் விளக்கு அணைந்தது, இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது! ஒரு நொடி கை கால் ஓடவில்லை. அப்புறம்தான் ஸ்டாப் கம்பி ஞாபகம் வந்து இழுத்தேன். கிணற்று மேட்டுக்கு நாலடி இருந்தது. மோட்டார் ரூம் வாசலில் என் அக்கா பையன் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

வாட்ச்டாக் போட்டிருக்கிறேன், புரோகிராம் அடிக்கடி தட்டிக்கொடுக்காவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர். ஒரு விநாடி புரோகிராம் நின்றால் போர்டு தானே ரீசெட் ஆகியிருக்க வேண்டும். ஏன் ஆகவில்லை? இரண்டாவதாக இன்னொரு போர்டு சேர்த்தால் இது சரியாகுமா?

கலப்பை87:

பத்து மாதம் செலவழித்த காசுக்கு நாலு வருடம் டிரைவர் கூலி கொடுத்திருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நியூட்ரல்:

முதலில் ஒன்று. ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டியில் இனிமேல் தாவி ஏறாதீர்கள். டிராக்டர் போனால் போகட்டும். கால் வழுக்கினால் நீங்கள் பிளேடுக்குள்.

நான் டிராக்டர் எலக்ட்ரானிக்ஸ் சோதனைப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தேகம்: வாட்ச்டாக்கைத் தட்டிக்கொடுக்கும் வரி உங்கள் புரோகிராமில் எங்கே இருக்கிறது? டைமர் இன்டரப்டுக்குள் (குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் தனிப் பகுதி) என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. திரும்பத் திரும்ப ஓடும் முக்கியமான லூப் எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றுவிடும். டைமர் மட்டும் ‘நான் நலம்’ என்று வாட்ச்டாக்குக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்குப் போகும் பல்ஸையும் சிப்பில் தனி வன்பொருள்தான் உண்டாக்குகிறது, கடைசியாகச் சொன்ன அளவிலேயே அது நிற்கும். உங்கள் வண்டிக்குக் கடைசிக் கட்டளை ‘நேராகப் போ’. போயிருக்கிறது.

ரிமோட் வேலை செய்யாததற்கும் அதுவேதான் காரணம். ரிமோட் ரிசீவரின் வயர் அதே போர்டுக்குள்தானே போகிறது? மயங்கிக் கிடப்பவனிடம் போய் ‘எழுந்து பிரேக்கைப் பிடி’ என்று சொன்ன மாதிரி.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது உங்கள் பிரேக். லீனியர் ஆக்சுவேட்டருக்குள் இருப்பது திருகுத் தண்டு. கரண்ட் போனால் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே உறைந்துவிடும். பிரேக் விட்டிருக்கும்போது ஃபியூஸ் போனால், பிரேக் விட்டபடியே இருக்கும். ஆளில்லாத பெரிய வண்டிகளில் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும், ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்தால்தான் விடும். குழாய் வெடித்தாலும் பம்ப் நின்றாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது போர்டு பற்றிக் கேட்டீர்கள். 1972இல் நாசா எஃப்-8 விமானத்தை டிஜிட்டல் கன்ட்ரோலில் பறக்கவிட்டபோது அப்போலோவில் நிலாவுக்குப் போன அதே வகைக் கம்ப்யூட்டரைத்தான் வைத்தார்கள். அதற்குத் துணையாக இன்னொரு அப்போலோ கம்ப்யூட்டரை வைக்கவில்லை, புரோகிராமே இல்லாத, மூன்று தடமுள்ள அனலாக் சர்க்யூட்டை வைத்தார்கள். ஒன்று தவறும் அதே காரணத்தால் மற்றதும் தவறக் கூடாது, அவ்வளவுதான். அதே புரோகிராமை ஏற்றி இன்னொரு போர்டு வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் முட்டி நிற்கும்.

டிராக்டர் கன்ட்ரோல்களின் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ்ஓ 25119 என்ற சர்வதேசத் தரவிதி இருக்கிறது. அடி எவ்வளவு பலமாக இருக்கும், ஆள் அந்த ஆபத்தில் எவ்வளவு நேரம் இருப்பார், ஓட்டுபவரால் சமாளித்துத் தப்பிக்க முடியுமா, இந்த மூன்றையும் வைத்து ஏ முதல் இ வரை படி போடுவார்கள். ஆளில்லாத வண்டியில் மூன்றாவது கேள்விக்கு விடை எப்போதும் ‘முடியாது’. சாதாரண டிராக்டரில் சின்னக் கோளாறாகப் போவது உங்கள் வண்டியில் உயிர்ப் பிரச்சினை ஆவது அதனால்தான்.

ஆழியாத்துக்காரன்:

சார், போர்டைத் திறந்து பார்த்தேன். டைமர் இன்டரப்டுக்குள்தான் எழுதியிருக்கிறேன். ஏதோ உதாரணத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது. வெட்கமாக இருக்கிறது.

லூப் எங்கே நின்றது என்பதும் தெரிந்துவிட்டது. கோண சென்சாரின் ஐ-டூ-சி வயர் இரண்டு மீட்டர் நீளம், கிளட்ச் ஆக்சுவேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். கிளட்ச் ஆக்சுவேட்டர் ஆடும் நேரத்தில் சென்சாரிலிருந்து பதில் வராமல் புரோகிராம் காத்துக்கொண்டே நின்றுவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்து இருபது தடவை ஆட்டியதில் மூன்று தடவை பிடித்துவிட்டேன்.

நியூட்ரல்:

ஐ-டூ-சி ஒரே போர்டுக்குள் சிப்புக்கும் சிப்புக்கும் பேச வந்தது. டிராக்டர் நீளத்துக்கு இழுக்கக் கூடாது. சென்சார் பக்கத்திலேயே ஒரு சின்ன போர்டு வைத்து, வண்டிகளில் போர்டுகள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் வயரில் கொண்டுவாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரில் பார்த்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

சென்சாரும் ஒன்று போதாது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய கார் ஆக்சிலேட்டர் பெடல் ஒன்று வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு சென்சார் இருக்கும், நிறைய பெடல்களில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதில் பாதி. கணக்கு ஒத்துவராவிட்டால் வயர் அறுந்ததோ ஒட்டிக்கொண்டதோ உடனே தெரிந்துவிடும்.

பழைய பட்டறை:

தம்பி, கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. டீசல் இன்ஜின் நாற்பது வருடமாகத் தெரியும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த வண்டியில் சாவியைத் திருப்பினால் லைட்டும் மீட்டரும்தான் அணையும். டீசலை நிறுத்தினால்தான் இன்ஜின் நிற்கும். இதுகூடத் தெரியாமலா ஆளில்லாமல் ஓட்ட வந்தீர்கள்?

ஸ்டாப் லீவருக்கு ஒரு சோலினாய்டு (கரண்ட் கொடுத்தால் தண்டை இழுக்கும் காயில்) போடுங்கள். இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றில் கரண்ட் கொடுத்தால் இன்ஜின் நிற்கும், அது உங்களுக்கு வேண்டாம். இன்னொன்றில் கரண்ட் இருக்கும்வரைதான் ஓடும், கரண்ட் போன நொடி ஸ்பிரிங் லீவரைத் தள்ளி டீசலை அடைத்துவிடும். ஜெனரேட்டரில் இருப்பது அதுதான். அதில் இழுக்கும் காயில், பிடிக்கும் காயில் என்று இரண்டு உண்டு. இழுக்கும் காயிலுக்கு ஒரு நொடிக்கு மேல் கரண்ட் விட்டால் கருகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தும்போது கிளட்சைத் தொடாதீர்கள். லோ கியரில் டீசல் அடைந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், ரோட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டும் கூடவே நிற்கும். கிளட்சை மிதித்தீர்களானால் வண்டி சும்மா உருளும். அரை மிதி மட்டும் என்றால் இரட்டைக் கிளட்ச் வண்டியில் ரோட்டவேட்டர் நிற்கவே நிற்காது. இடது வலது பிரேக் பெடலைச் சேர்க்கும் கொக்கி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று அடிக்கும்.

அப்புறம் எலி. தோப்பு ஷெட்டில் நிற்கிற வண்டியில் ஒயரைக் கடிக்காத எலியே கிடையாது. எந்த வயர் அறுந்தாலும் வண்டி நிற்கிற மாதிரி செய்யுங்கள். ஓடுகிற மாதிரி செய்யாதீர்கள்.

கலப்பை87:

பழைய பட்டறை அண்ணா சொன்னது நியாயம். கிண்டல் பண்ணியதற்கு மன்னிக்கவும். ஒரு சந்தேகம்: வெளிநாட்டுக் கம்பெனிகள் கேமராவை வைத்தே ஆளைப் பார்த்து நிறுத்துகிறார்களே, அதை நாம் போட முடியாதா?

நியூட்ரல்:

ஜான் டியர் 2022 ஜனவரியில் காட்டிய ஆளில்லாத 8ஆர் டிராக்டரில் ஆறு ஜோடி கேமரா, சுற்றிலும் பார்க்க. அது அமெரிக்காவின் திறந்த வயல். நமக்குத் தோப்பில் மட்டை விழுந்து கிடக்கும், தேங்காய் கிடக்கும், நாய் படுத்திருக்கும், பாதி வெயில் பாதி நிழல். கேமரா வையுங்கள், நல்லதுதான். ஆனால் அதை நம்பி ஸ்டாப் சர்க்யூட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017இல் மகிந்திரா சென்னையில் காட்டிய டிரைவர் இல்லாத டிராக்டரிலும் எல்லை தாண்டாத பூட்டும், தூரத்திலிருந்தே இன்ஜினை நிறுத்தும் வசதியும் தனித்தனியே இருந்தன.

ஆழியாத்துக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பட்டறை ஐயாவுக்கு முதல் நன்றி. நீங்கள் திட்டியது நியாயம்தான்.

சோலினாய்டு போட்டாகிவிட்டது. அதற்குப் போகும் கரண்ட் மூன்று காண்டாக்ட் வழியாக, ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறது: வண்டியின் நாலு மூலையிலும் வைத்த சிவப்புப் பட்டன்கள், ரிமோட்டுக்கென்று தனி ரிசீவரின் ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்), போர்டின் ‘உயிரோடு இருக்கிறேன்’ ரிலே. ரிமோட் சிக்னல் வந்துகொண்டே இருந்தால்தான் அதன் ரிலே பிடித்திருக்கும். போர்டின் ரிலேக்கு பேனல் வேலையில் கற்ற பழைய வித்தை: கெப்பாசிட்டர் வழியாகப் பல்ஸ். லூப் ஒவ்வொரு சுற்றிலும் சிப்பின் ஒரு காலில் வோல்டேஜை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். மேலேயே ஒட்டினாலும் கீழேயே ஒட்டினாலும் ரிலே விழுந்துவிடும். வாட்ச்டாக்கைத் தட்டும் வரியும் இப்போது லூப்பின் கடைசியில்தான். பிரேக்குக்கு இழுவிசை ஸ்பிரிங், அதை விலக்கிப் பிடிக்க மின்காந்தம். ஸ்பிரிங்கைத் தேர்வு செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, முதலில் போட்டது பாதிப் பிரேக்குக்குக்கூட வரவில்லை.

சோதனை இப்படித்தான் செய்தேன். ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு, சமதளத்தில், நானே சீட்டில் உட்கார்ந்து லோ கியரில் ஓட்டிக்கொண்டு, மச்சானை விட்டு ஒவ்வொரு வயராகப் பிடுங்கச் சொன்னேன். பதினேழு வயர். பதினாறில் நின்றது. ஆக்சிலேட்டர் செர்வோவின் சிக்னல் வயரைப் பிடுங்கியபோது மட்டும் வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை இன்னும் சரிசெய்யவில்லை. ரிட்டர்ன் ஸ்பிரிங் போடலாமா, வேகத்தைத் தனி சென்சாரில் பார்த்து நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன். யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

அதுவரை ரோட்டவேட்டர் மாட்டுவதில்லை. கிணற்றின் நாலாவது பக்கத்துக்குச் செங்கல் வந்து இறங்கிவிட்டது, கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார்.