மலை உச்சி டவரில் பேட்டரி நிலையை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

கேள்வி:
கொல்லிமலையில் எங்கள் பொறுப்பில் ஒரு டவர், 48 வோல்ட் பேட்டரி பேங்க், 2 வோல்ட் செல் 24 வரிசையாகச் சேர்ந்தது. அலாரம் பேனலில் எப்போது பார்த்தாலும் 54 வோல்ட் என்று நன்றாகத்தான் காட்டும். போன வாரம் மழையில் கரண்ட் போனதும் இருபதே நிமிடத்தில் எல்லாம் அணைந்துவிட்டது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தால் ஒரு செல் பக்கவாட்டில் உப்பி, டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. என்ன செய்யலாம்?

பதில் 1:
அண்ணே, அந்த 54 வோல்ட் சார்ஜர் தருவது, அதை வைத்து பேட்டரியின் நிலையைச் சொல்ல முடியாது. ஒரு செல் 2.05 வோல்ட்டுக்கு இறங்கினாலும் மற்ற 23 செல்லும் ஆளுக்குக் கொஞ்சம் ஏறி மொத்தத்தைச் சரிக்கட்டிவிடும். 12-வது செல்லுக்கு அப்புறம் ஒரு வயர் எடுத்து இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள், 27-க்கு 27 வர வேண்டும். செலவு மிகக் குறைவு. காசு இருந்தால் செல்லுக்குச் செல் உள்மின்தடை (செல்லுக்குள் மின்சாரத்துக்கு இருக்கும் தடை) அளக்கும் சென்சார் போடுங்கள், வோல்ட்டேஜ் விழுவதற்கு முன்பே அந்தத் தடை ஏறத் தொடங்கும்.

பதில் 2:
வெப்பத்தையும் பாருங்கள். வெப்ப சென்சாரைச் சுவரில் ஒட்டாமல் நெகட்டிவ் டெர்மினலில் வையுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கேட்டவர்:
நன்றி. மலை ஏறாமல் இங்கிருந்தே டிஸ்சார்ஜ் டெஸ்ட் (பேட்டரியில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) செய்யலாமா?

பதில் 1:
செய்யலாம். ரெக்டிஃபையர், அதாவது அந்தச் சார்ஜரின் வோல்ட்டேஜை 46-க்கு இறக்கினால் லோடு (டவர் கருவிகள் இழுக்கும் மின்சாரம்) பேட்டரிக்கு மாறும், பேட்டரி கைவிட்டாலும் ரெக்டிஃபையர் தாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் இரண்டு பாதியையும் கவனியுங்கள். மழை நாளில் மட்டும் வேண்டாம்.