480 யூனிட்டுக்கு ரூ.1,679, 540 யூனிட்டுக்கு ரூ.2,376: எங்கே இடிக்குது?

வேளச்சேரி_மாடிவீடு:
போன பில் 480 யூனிட், இந்த பில் 540. கூடினது 60 யூனிட்தான், ஆனா 697 ரூபாய் ஏறியிருக்கு. யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல வருது. 501–600 ஸ்லாபே (கட்டண அடுக்கு) 8.40 தானே? மீட்டர்ல கோளாறா? எதைக் குறைச்சா பலன் தெரியும்?

ஸ்லாப்_கணக்கு:
பில் சரிதாங்க. தமிழ்நாட்டில் வீடுகளுக்கான 2024 ஜூலை 1 கட்டணப்படி, இரண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் முதல் 100 இலவசம், 101–200 ரூ.2.35, 201–400 ரூ.4.70, 401–500 ரூ.6.30. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 2.35 ஸ்லாப் காணாமப் போயிடும், 101-லிருந்தே 4.70 போடுவாங்க. அந்த 100 யூனிட்டுக்கு மட்டும் 235 ரூபாய் கூடுதல்.

அதனால 500 யூனிட்டுக்கு ரூ.1,805, 501-க்கு ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட், 243 ரூபாய்! உங்க 697-ஐப் பிரிச்சா: 20 யூனிட் × 6.30 = 126, 40 × 8.40 = 336, மேல சொன்ன 235. நீங்க 40 யூனிட் குறைச்சாலே 571 ரூபாய் மிச்சம்.

அடையாறு_வயரிங்:
40 யூனிட்டுக்கு ஏ.சி.யை நிறுத்தவே வேண்டாம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவா இழுக்கிற மோட்டார் உள்ளது) 35 வாட்டுக்குள்ள. தினம் 15 மணி நேரம் ஓடுற ஹால் ஃபேனை மாத்தினா 60 நாளில் 36 யூனிட் குறையும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைச்சாலும் 10 வாட் இழுக்கும். 16 மணி நேரம் சுவிட்சிலேயே அணைச்சா இன்னொரு 9 யூனிட். 500-க்குள்ள வந்தாச்சு.

ஆனா மொத்தமே 150 யூனிட் ஓடுற வீட்டில் அதே ஃபேன் ஒரு பில்லுக்கு 85 ரூபாய்தான் மிச்சம் பண்ணும். அங்க பழசு ரிப்பேர் ஆகும்போது மாத்தினாப் போதும்.

ஏ.சி.க்கு: 26-ல வச்சு ஃபேன் போடுங்க, ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்க. கடலோரமா இருந்தா அவுட்டோர் யூனிட்டோட மெல்லிய தகடுகளில் உப்புத்தூசி படியும், அதையும் பாருங்க.

ஸ்லாப்_கணக்கு:
மீட்டர் சந்தேகத்தையும் தீர்த்துக்கோங்க. முகப்பில் 3200 இம்பல்ஸ்னு இருக்கும் (சிலதில் 1600). சிவப்பு விளக்கு 3200 தடவை மின்னினா ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் சுவிட்சில் அணைச்சுட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 3200 மீட்டரில் 16 தடவை மின்னினா 300 வாட் எங்கேயோ போகுது. எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற சுவிட்ச்) ஒவ்வொண்ணா இறக்கிப் பார்த்தா எந்த லைன்னு தெரியும். பழைய ஃபிளாட்டில் பக்கத்து வீட்டு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) நம்மதோட கலந்திருந்தாலும் மீட்டர் அதிகமா ஓடும், ஏன்னா இப்போதைய மீட்டர் பேஸ் (கரண்ட் வர்ற வயர்), நியூட்ரல் இரண்டில் எதில் கரண்ட் அதிகமோ அதைத்தான் எண்ணும். அதை எலக்ட்ரீஷியன்தான் பிரிக்கணும், நீங்க கை வைக்காதீங்க.

வேளச்சேரி_மாடிவீடு:
எண்ணிட்டேன், ஒருதடவைகூட மின்னலை. ரொம்ப நன்றிங்க. அடுத்த பில்லுக்கு இன்னைக்கு 38-வது நாள், 345 யூனிட் ஓடியிருக்கு. தப்பிக்க முடியுமா?

அடையாறு_வயரிங்:
முடியும். இதுவரை தினம் 9 யூனிட். மிச்சம் 22 நாளுக்கு 155 யூனிட் இருக்கு, அதாவது தினம் 7. தினமும் காலையில ஒரே நேரத்தில் ரீடிங் எழுதுங்க, ஃபேனை இந்த வாரமே மாத்துங்க; மிச்ச நாளுக்கு அது மட்டும் போதாது, ஏ.சி. ஓடுற நேரத்தையும் குறைங்க. ரீடிங் எடுக்க ஓரிரு நாள் தள்ளி வரலாம், அதனால 60-வது நாளுக்கு 485-ஐ எல்லையா வச்சுக்கோங்க, அப்போ தினம் சுமார் 6.4 யூனிட்.