வண்டிக் குடும்பம் குழு: அலமாரிக்குள் லைட்

பெரியம்மா: வெள்ளிக்கிழமை நம் கேரவன் வண்டி கிளம்புகிறதல்லவா, அதற்குள் மேல் அலமாரிக்குள் ஏதாவது லைட் போட முடியுமா? போன தடவை ராத்திரி இவருடைய பிரஷர் மாத்திரையைத் தேடும்போது போனை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் துழாவினேன்

குட்டி: போனை வாயிலா 😂😂

அத்தை: மாத்திரையை யார் மேலே வைக்கச் சொன்னது

பெரியம்மா: கீழ் அலமாரி முழுக்க உன் பைதானே ராஜி இருந்தது

அத்தை: ஒரே ஒரு பை

பாபு: பேட்டரி போட்டு, தொட்டால் எரியும் லைட் நாலு வாங்கி ஒட்டினால் முடிந்தது. வயரே வேண்டாம்

சித்தப்பா: வேண்டாம் பாபு. நம் வண்டி மாசக்கணக்கில் மூடியே கிடக்கிறது, அந்தச் சின்ன பேட்டரி எல்லாம் கசிந்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். வண்டியிலேயே 12 வோல்ட் பேட்டரி இருக்கும்போது அது எதற்கு? எல்இடி ஸ்ட்ரிப், அதாவது நாடா மாதிரி ஒட்டுகிற லைட், அதில் சாதாரண ரகம் மீட்டருக்கு 4.8 வாட், ஓர் அலமாரிக்கு 30 செ.மீ. போதும், ஒன்றரை வாட்டுகூட வராது, 0.12 ஆம்பியர்தான். பழைய 10 வாட் பல்பு ஒன்று இழுக்கிற கரண்டில் இப்படி ஆறு அலமாரி எரியும். கத்தரிக்கோலாலேயே வெட்டலாம், ஆனால் மூன்று எல்இடிக்கு ஒருமுறை செம்புப் புள்ளியோடு ஒரு கோடு வரும், அந்தக் கோட்டில் மட்டும்தான் வெட்டவேண்டும்

பெரியப்பா: சரி

அத்தை: இவ்வளவையும் ஆடியோவாக அனுப்பக்கூடாதா

சித்தி: ஐயோ அண்ணி, கேட்டு வாங்காதீர்கள்

பெரியம்மா: போட்டுவிட்டு யார் அணைப்பது? போன தடவை ராத்திரி முழுக்க ஏதோ எரிந்து காலையில் தண்ணீர் மோட்டார்கூட ஓடவில்லை

பாபு: அது நான் இல்லை

குட்டி: யாரும் உன் பேரையே சொல்லவில்லையே அண்ணா

பாபு: 🙄

சித்தப்பா: அதற்குத்தான் ரீட் சுவிட்ச். அலமாரியின் மரச் சட்டத்தில் சுவிட்ச், கதவில் ஒரு சின்னக் காந்தம். மூடினால் காந்தம் கிட்டே வந்து அணைத்துவிடும், திறந்தால் எரியும். ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்கவேண்டும், திருட்டு அலாரத்துக்கு விற்பதில் பெரும்பாலும் காந்தம் கிட்டே வந்தால் இணைகிற ரகம்தான். அதைப் போட்டால் தலைகீழாகிவிடும், கதவை மூடினால் உள்ளே எரியும், திறந்தால் இருட்டு. மூடிய அலமாரிக்குள் எரிவது யாருக்குத் தெரியும்? பேட்டரி இறங்கிய பிறகுதான் தெரியும்

குட்டி: ஹாஹா அப்படித்தான் ஆகப்போகிறது

பாபு: ஆள் அசைந்தால் எரிகிற சென்சார்?

சித்தப்பா: சும்மா இருக்கும்போதும் அது கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். கதவு இருக்கிற இடத்தில் எதற்கு

அத்தை: லைட்டை விடுங்கள். எனக்குக் கீழ்ப் படுக்கையா மேல் படுக்கையா? இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்

குட்டி: கீழே நானும் பெரியம்மாவும் என்று முடிவாகிவிட்டதே

அத்தை: யார் முடிவு பண்ணியது?

பெரியப்பா: சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குள்ளும் ஒரு லைட் போடு தம்பி. இருட்டில் மூடுவது கஷ்டமாக இருக்கிறது

சித்தப்பா: அண்ணா அதில் மட்டும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில் போய்த் தேங்கும், வெளியே போகத்தான் தரையில் ஓட்டை விட்டிருக்கிறார்கள். அங்கே சுவிட்ச், வயர் ஜாயின்ட் எதுவும் கூடாது. வெளியிலிருந்து டார்ச் அடித்துக்கொள்ளுங்கள்

பெரியப்பா: அந்த ஓட்டையைப் பாபு துணி வைத்து அடைத்திருக்கிறானே

சித்தப்பா: என்னது??

பாபு: தூசி வந்தது சித்தப்பா

சித்தப்பா: இப்போதே போய் எடு. லைட் எல்லாம் அப்புறம்

பெரியம்மா: பாபு!!

பாபு: போகிறேன் போகிறேன்

சித்தி: ஒன்று சொல்லவேண்டும், லைட்டை அலமாரியின் பின்சுவரில் ஒட்டிவிடாதீர்கள். முன்னால் இருக்கிற சாமான் எல்லாம் வெறும் நிழலாகத்தான் தெரியும், கண்ணும் கூசும். கதவை ஒட்டி, மேல் விளிம்புக்கு உள்பக்கம், பின்னால் பார்த்த மாதிரி ஒட்டினால் டப்பா மேல் எழுதியிருப்பதுகூடப் படிக்கலாம்

சித்தப்பா: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்

சித்தி: வரவில்லையே

சித்தப்பா: அப்புறம் இன்னொன்று, சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். 12க்கென்றே செய்த மலிவு ஸ்ட்ரிப் அதில் சூடாகிச் சீக்கிரம் மங்கிவிடும். 10 முதல் 30 வோல்ட் என்று போட்டிருப்பதாக வாங்கவேண்டும். கூரை லைட் வயரிலிருந்து எடுக்கலாம், பிரியும் இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் லைட்டுக்காக இல்லை, வயர் எங்காவது கீலில் நசுங்கினால் தீப்பிடிக்காமல் இருக்க

பெரியப்பா: சரி

பெரியம்மா: எனக்கு மாத்திரை அலமாரிக்கு மட்டும் வெள்ளிக்குள் போட்டால் போதும்

அத்தை: என் அலமாரிக்கும்

குட்டி: ஒரே ஒரு பைக்கு லைட் எதற்கு அத்தை 😂

சித்தி: சட்டத்தில் டிரில் போடுவதை யாரும் சொல்லவில்லையே. அது மெல்லிய பலகை, பிளந்துவிடும்

சித்தப்பா: டபுள் சைடு டேப்

பெரியப்பா: வெயிலில் டேப் நிற்காது

சித்தப்பா: பார்க்கலாம் அண்ணா

பாபு: துணியை எடுத்துவிட்டேன்

பாபு: [படம்]

பாபு: கூரை லைட் மூடியைக் கழற்றினேன். சிவப்பு வயர் இரண்டு இருக்கிறது, எது?

சித்தப்பா: எதையும் தொடாதே, வருகிறேன்