புதுப்பிப்பு: ஈஜிஎஃப் ஏற்பியோடு ஜிஆர்பி2 வராத பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. ஈஜிஎஃப் ஏற்பியை (ஈஜிஎஃப் என்ற வளர்ச்சித் தூண்டியைப் பிடிக்கும் செல் சவ்வுப் புரதம்) உடைத்த செல்லிலிருந்து ஆன்டிபாடி போட்டு இழுத்தால், ஒட்டிக்கொண்டு கூடவே வரவேண்டிய ஜிஆர்பி2 புரதம் வரவில்லை என்று கேட்டிருந்தேன். வேலை செய்தது, சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் வேலை பார்க்கும் அக்கா சொன்னதுதான்: ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்து, ஈஜிஎஃப் கொடுத்து 5 நிமிடத்தில் ஐஸில் நிறுத்தி, செல்லை உடைக்கும் பஃபரில் சோடியம் ஆர்த்தோவனடேட் (பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதிகளைத் தடுப்பது) சேர்ப்பது. ஜிஆர்பி2-வின் எஸ்எச்2 பகுதி பிடிப்பதே ஏற்பியின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறிய பாஸ்பேட்டைத்தான். செல் உடைந்ததும் பாஸ்பட்டேஸ்கள் அதைக் கழற்றிவிட்டால் பிடிக்க என்ன இருக்கிறது? ஆன்டிபாடியை மாற்றச் சொன்ன யோசனைக்கு அவசியமே வரவில்லை, நல்லவேளை, அது விற்கும் விலை அப்படி.

எதிர்பாராத ஒன்று: ஜிஆர்பி2-வை இழுத்தபோது ஈஜிஎஃப் கொடுக்காத செல்களிலும் எஸ்ஓஎஸ் (ராஸ் என்ற சுவிட்ச் புரதத்தை இயக்கும் புரதம்) கூடவே வந்தது. அது சரிதானாம். ஜிஆர்பி2-வின் எஸ்எச்3 பகுதிகள் எஸ்ஓஎஸ்ஸின் புரோலின் நிறைந்த வாலை முன்கூட்டியே பிடித்திருக்கும், ஈஜிஎஃப் வந்ததும் அந்த ஜோடி ராஸ் இருக்கும் சவ்வுப் பக்கம் போய்ச் சேரும்.

அப்புறம், ஜிஆர்பி2 சுமார் 25 கிலோடால்டன், இழுக்கப் போட்ட ஆன்டிபாடியின் லைட் செயினும் (அதன் சிறிய சங்கிலி) பிளாட்டில் அதே இடத்தில்தான் விழும், ஜிஆர்பி2-வை மறைத்துவிடும். ஹெவி செயினை (பெரிய சங்கிலி) மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியைக் காட்டித்தருவது) போடுங்கள்.