2013 ரோடு கிங்: கும்பகோணத்தில் வைத்துப் பராமரிக்க இயலுமா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமாவின் நண்பர் ஒருவர் சென்னையில் 2013ஆம் ஆண்டு ஹார்லி-டேவிட்சன் ரோடு கிங் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வண்டியைத் தாங்கி நிறுத்த முடியவில்லை என்பதால், தெரிந்தவர்களுக்குள்ளேயே அதைக் கொடுத்துவிட விரும்புகிறார். அவரே முதல் உரிமையாளர். வண்டி 19,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளாக அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உறை போர்த்தியபடி நிற்கிறது. எட்டரை லட்சம் சொல்கிறார். பேசினால் இறங்குவார் என்பது மாமாவின் நம்பிக்கை.

நான் பதினோரு ஆண்டுகளாக புல்லட் 350 ஓட்டுகிறேன். ஆயில் மாற்றுவது, கிளட்ச் கேபிள் போடுவது, செயின் இறுக்குவது ஆகியவற்றை நானே செய்துகொள்வேன். ஆனால் இது 1690 சிசி. பெட்ரோல் நிரப்பினால் ஏறத்தாழ 370 கிலோ, அதாவது இரண்டு புல்லட்டின் எடை. முறையான சர்வீஸுக்குச் சென்னைக்கோ கோவைக்கோதான் போக வேண்டும் என்கிறார்கள். குறைவாக ஓடிய வண்டி என்பதை நம்பி வாங்கலாமா, அன்றாடப் பராமரிப்பை இங்கேயே முடித்துக்கொள்ள இயலுமா, நம் ஈரக்காற்றும் களிமண்ணும் இந்த வண்டிக்கு ஒத்துவருமா என்பதை வைத்து ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வீடு கும்பேசுவரர் கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வண்டியை நடைக்குள் கொண்டுபோக மூன்று படி ஏற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னை வாசி எழுதியது:

தம்பி, 19,400 என்ற எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்டியை எட்டு ஆண்டுகளாக மன்னார்குடியில் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த எஞ்சின் ஓடித் தேய்வதைவிட, அதைச் சுற்றியுள்ள ரப்பரும் திரவமும் மின்கம்பியும் நின்று கெடுவதுதான் அதிகம். மாதம் இருமுறை நெடுஞ்சாலையில் ஓடி 60,000 தொட்ட வண்டி ஒன்று பக்கத்தில் கிடைத்தால், மூன்று ஆண்டு தூங்கிய இந்த வண்டியை விட்டு நான் அதைத்தான் எடுப்பேன்.

முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஏழெட்டு ஆண்டு கடந்த டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. முன்னால் 130/80-17, பின்னால் 180/65-16 என்ற இந்த அளவுகளைத் தஞ்சாவூர்க் கடைகளில் தேடிப் பயனில்லை. சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும். எனவே இரண்டு டயரின் விலையை இப்போதே வண்டி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கண்ணாடித் துளை வழியே பார்க்கும்போது அது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தால் ஏபிஎஸ் பகுதிக்குள் என்ன நடந்திருக்கும் என்று கவலைப்பட வேண்டும். அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் அதிர்வு தாங்கிக் குழாய்கள்) நாலைந்து முறை அழுத்திவிட்டு, பளபளக்கும் குழாயில் எண்ணெய் வளையம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் சீல் காய்ந்துவிட்டது. பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் பம்பையும் இன்ஜெக்டரையும் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து வண்டிகளோ 10 விழுக்காட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எத்தனால் தண்ணீரை இழுப்பதால், இரண்டு மாதத்துக்கு மேல் பழைய பெட்ரோலை நான் டேங்கில் விடுவதில்லை.

ஆயில் மூன்று இடங்களில் இருக்கிறது: எஞ்சின், பிரைமரி அறை (எஞ்சின் விசையைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் செயின் இருக்கும் இடம்), கியர்பாக்ஸ். மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் முதல் பயணம். வால்வு இடைவெளி பார்க்கும் வேலை கிடையாது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் அது தானே சரிசெய்துகொள்ளும். நெடுநாள் நின்ற வண்டியில் முதல் சில நொடி டக்டக்கென்று சத்தம் வருவது இயல்பு. அது அடங்காமல் தொடர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

களிமண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். ஓர் ஐப்பசியில் திருத்துறைப்பூண்டிச் சாலையோரம் டீ குடிக்க நிறுத்தினேன். பாதி டம்ளர் குடித்திருப்பேன்; சைட் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்க இறங்க, வண்டி எருமை சேற்றில் படுப்பதைப் போல அவசரமே இல்லாமல் சாய்ந்தது. எஞ்சின் காப்புக் கம்பி தாங்கியதால் சேதமில்லை. டீக்கடையில் இருந்த நால்வர் கை கொடுத்துத் தூக்கினார்கள். அன்றிலிருந்து கையகலத் தேக்குப் பலகை ஒன்றில் கயிறு கட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டுக்கு அடியில் போட்டுவிட்டுக் கயிற்றின் நுனியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டால், புறப்படும்போது குனியாமலே எடுத்துவிடலாம்.

பட்டறைக்காரன் (தஞ்சாவூர்) எழுதியது:

உள்ளூரில் எதுவரை செய்யலாம் என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் பெரும்பாலும் டிராக்டர் வேலைதான். இப்படிப்பட்ட பெரிய வண்டிகள் இரண்டு எப்போதாவது வரும்.

முதல் தடை ஸ்பேனரிலேயே தொடங்குகிறது. இந்த வண்டியின் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குல அளவு. பல இடங்களில் நட்சத்திரத் தலைப் போல்ட்டும் உண்டு. மில்லிமீட்டர் ஸ்பேனரை மட்டும் வைத்திருக்கும் மெக்கானிக் ‘ஏறக்குறைய சரியாக இருக்கிறது’ என்று 13-ஆம் நம்பரைப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும். ஆகவே வண்டி வருவதற்கு முன்பே அங்குல சாக்கெட் செட் ஒன்று, நட்சத்திர பிட் செட் ஒன்று, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்று, அந்த ஆண்டுக்குரிய சர்வீஸ் மேனுவல் ஒன்று ஆகியவற்றை வாங்கி வைத்துவிடுங்கள். இவை உங்கள் கையில் இருந்தால் ஆயில், பிரேக் ஆயில், பிரேக் பேட், ஏர் ஃபில்டர், பிளக், பேட்டரி, ஃபோர்க் சீல் வரை எந்த நல்ல மெக்கானிக்கும் செய்துவிடுவார். புல்லட்டில் கைபழகிய நீங்களேகூடச் செய்யலாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் உடனே கணினி தேடி ஓட வேண்டியதில்லை. டிரிப் மீட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால், பழுதின் குறியீட்டை ஸ்பீடோமீட்டரிலேயே படித்துக்கொள்ளலாம்.

இங்கே செய்யக் கூடாதது, செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் பின் பெல்ட்டை மாற்றும் வேலை. செயினைப் போல எண்ணெய் கேட்காது, சத்தம் போடாது, நெடுங்காலம் உழைக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் புதிதாகச் சாலை போடும் இடத்தில் ஒரு ஜல்லி புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கினால் பெல்ட்டில் ஓட்டை விழும். மாற்ற வேண்டுமென்றால் பிரைமரி பகுதியைக் கழற்றி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் அவிழ்த்தாக வேண்டும். பெல்ட்டின் விலையைவிடக் கூலி வலிக்கும். பார்க்கப் போகும்போது பின்சக்கரத்தை மெல்ல உருட்டச் சொல்லி, பெல்ட்டை முழுச் சுற்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உதிரிபாகத்தைப் பற்றிய அச்சம் வேண்டாம். நிறுவனம் 2020 செப்டம்பரில் இந்தியாவில் நேரடி உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தாலும், அடுத்த மாதமே விற்பனைக்கும் சர்வீஸுக்கும் ஹீரோ மோட்டோகார்ப்புடன் உடன்பாடு ஆயிற்று. பாக எண்ணைச் சரியாகச் சொன்னால் பொருள் வரும். ஆனால் நாள் ஆகும்.

ஒன்றை மறந்தேன். தை அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டைத் தேடி வரும். நடையில் நிற்கும் வண்டிக்குள் அது கூடு கட்டி ஒயரைக் கடித்துவிட்டால், பழுதைக் கண்டுபிடிப்பதற்குள் மாசி மகம் வந்துவிடும். வாரம் ஒருமுறை சீட்டைக் கழற்றிப் பாருங்கள்.

நாகைக் காற்று எழுதியது:

மேலே எழுதிய இருவரும் பராமரிக்க முடியும் என்கிறார்கள், அதை மறுக்கவில்லை. வாங்க வேண்டுமா என்பதில்தான் மாறுபடுகிறேன். இதே எடையில் ஒரு வண்டியை நான்கு ஆண்டுகள் வைத்திருந்து விற்றவன் நான்.

கடற்கரை ஊரில் உப்புக்காற்று குரோமியத்தை விடாது. கழுவினால் சரியாகும் என்பார்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரே உப்பு. கழுவிக் காய்ந்த பிறகு எஞ்சின் துடுப்புகளில் வெள்ளை பூத்திருக்கும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, அதில் துணி நனைத்துத் துடைத்து வந்தேன். கும்பகோணத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இராது.

ஆனால் சாலை உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். வாய்க்கால் கரைமேல் போகும் ஒற்றைவழிச் சாலையில் எதிரே பேருந்து வந்தால் புல்லட்டை ஓரம் கட்டுவதைப் போல இதைக் கட்ட முடியாது; ஓரம் முழுக்க ஈர மண். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் டிராக்டர் கொட்டிய சேறு கிடக்கும். ரிவர்ஸ் கியர் கிடையாது என்பதால், சரிவில் மூக்கை நுழைத்து நிறுத்திவிட்டால் பின்னுக்குத் தள்ள ஆள் தேட வேண்டும். மகாமகக் குளத்தைச் சுற்றி மாலை ஆறு மணிக்கு ஊர்ந்தால், காற்றால் குளிரும் எஞ்சினின் பின் சிலிண்டர் வலத் தொடையைச் சுடும். நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மூடும் திசையிலேயே சில நொடி அழுத்திப் பிடித்தால், சூடேறிய வேளையில் பின் சிலிண்டரை நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டை இயக்கலாம். அது சூட்டைக் குறைக்குமே தவிர, தீர்க்காது.

இதனாலெல்லாம் என்ன ஆயிற்று என்றால், கடைக்கு, வயலுக்கு, கல்யாணத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் நான் பழைய ஸ்பிளெண்டரையே எடுத்தேன். பெரிய வண்டி ஓராண்டில் 900 கிலோமீட்டர் ஓடியது. மன்னை வாசி சொல்லும் ‘நின்று கெடுதல்’ என் வீட்டிலேயே நடந்தது. மாதம் இருமுறை அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ திருச்சிச் சாலையிலோ நூறு கிலோமீட்டர் போய்வர நேரம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 650 சிசி ராயல் என்ஃபீல்டு ஒன்று போதும்.

அரசலாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சென்னை போய்ப் பார்த்து வந்தேன். முன் டயரில் 1713 என்று இருந்தது. வண்டியோடு வந்த டயர். பின் டயர் 0818. பிரேக் ஆயில் சொன்ன நிறத்திலேயே இருந்தது. பேட்டரி 11.2 வோல்ட் காட்டியது. பெல்ட்டை டார்ச் அடித்து முழுச் சுற்றும் பார்த்தேன். ஓரத்தில் சிறு நார் பிரிந்திருந்தது தவிர ஓட்டை எதுவும் இல்லை. ஃபோர்க் காய்ந்தே இருந்தது. டேங்கில் துரு இல்லை, ஆனால் வாடை இருந்தது. ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன். டயர், பேட்டரி, ஆயில்கள், பெட்ரோல் பம்ப் சுத்தம், லாரியில் ஏற்றிவரும் செலவு ஆகிய எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினேன்; பெரியவர் கோபப்படாமல் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, ஏழேகால் என்றார்.

நாகைக்காரர் கேட்ட கேள்விதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. பள்ளி விடுமுறை நாள்களில் எனக்கு நேரம் உண்டு. சம்பா நடவின்போது கிடையாது. அந்த இரண்டு மாதம் பேட்டரியை, சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரில் போட்டு வைத்தால் போதுமா? தாள்களில் கவனிக்க வேண்டியது என்ன?

மன்னை வாசி எழுதியது:

பேட்டரிக்குப் போதும், டயருக்கும் சீலுக்கும் போதாது. நடவு நாளிலும் பத்து நாளுக்கு ஒருமுறை பாபநாசம் வரை போய் வாருங்கள். வெறுமனே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது கெடுதல். ஆயில் சூடேறாமல், உள்ளே நீர்தான் சேரும்.

பதிவு 2013 என்பதால் பதினைந்து ஆண்டு 2028-இல் முடிகிறது. பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம், வண்டி பதிவாகியிருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கு வங்கி தரும் படிவம் 35 ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதால் ஆயுள் வரி மறுபடி இல்லை. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியின் கழுத்துப் பகுதியில் உள்ள எண்ணோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பழக்கமானவர் என்று விட்டுவிட வேண்டாம்.

பட்டறைக்காரன் (தஞ்சாவூர்) எழுதியது:

மூன்று படியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி உயரம் என்று வைத்தால், சரிவுப் பலகை ஒன்பது அடியாவது வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறி முடியும் இடத்தில் வண்டியின் அடிவயிறு இடிக்கும். தரைக்கும் அதற்கும் ஐந்து அங்குலம்தான் இடைவெளி. மரம் வேண்டாம், மழையில் வழுக்கும். இரும்புச் சேனல் கட்டி, மேலே செக்கர் பிளேட் (வழுக்காமலிருக்கப் புடைப்பு போட்ட இரும்புத் தகடு) போட்டு, நடுவில் கீல் வைத்து மடிக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள். அகலம் சக்கரத்துக்கு மட்டும் என்று ஓரடியில் அடித்துவிடாதீர்கள். ஏறும்போது இரண்டு காலையும் ஊன்ற இடம் வேண்டும், மூன்றடியாவது இருக்கட்டும். தெருவின் அகலத்தை அளந்து சொல்லுங்கள். ஒன்பது அடிப் பலகையை விரித்த பிறகு வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெரியவருக்கு முன்பணம் கொடுக்கலாம்.