லிம்ப் மோடு: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அல்சூரான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பெங்களூரில் கார்களை ட்யூன் செய்து ஓட்டும் நண்பர் கூட்டம் ஒன்று இருக்கிறது. பெரிய டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), பெரிய இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), ஈசியூவில் (என்ஜினை நடத்தும் கணினி) திருத்தி எழுதிய மேப் (அதன் கட்டளைக் கணக்கு), தாழ்த்திய சஸ்பென்ஷன். கம்பெனி கொடுத்ததில் பாதிதான் மிச்சம் இருக்கும். அந்த வண்டிகளை எடுத்துக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்பிவிடுகிறார்கள். வழியில் ஏதாவது ஆனால் உதவிக்கு வருகிறவர் தருமபுரிப் பக்கத்து மெக்கானிக்காக இருப்பார். அவர் கையிலும், ஸ்டியரிங்கை மாற்றிப் பிடிக்கும் வீட்டார் கையிலும் கொடுக்கத் தமிழில் ஒரு மடிப்பு அட்டை வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டேன்.

டயர் காற்று, கூலன்ட், ஆயில் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. ஒரே ஒரு வரியில் நிற்கிறேன்: "வண்டி ______க்குப் போய்விட்டால் பதற வேண்டாம்." கோடிட்ட இடத்தில் லிம்ப் மோடு.

தெரியாதவர்களுக்கு: டர்போ கொடுக்கும் காற்றழுத்தம் கேட்டதைவிட மிகவும் கூடினாலோ குறைந்தாலோ, ஏதாவது ஒரு சென்சார் நம்ப முடியாத கணக்கைச் சொன்னாலோ, ஈசியூ வண்டியின் பலத்தைப் பிடுங்கிக்கொள்ளும். டர்போ அழுத்தம் அறவே குறையும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது. பல வண்டிகளில் ஆர்பிஎம் 3,000-ஐத் தாண்டாது. ஆட்டோமேட்டிக் என்றால் ஒரே கியரில் நின்றுவிடுவதும் உண்டு. என்ஜினைக் கெடுத்துக்கொள்ளாமல் ஒர்க்ஷாப் வரை போய்ச் சேரட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

கம்பெனி வண்டியில் அபூர்வமாக வருவது, மாற்றியமைத்த வண்டியில் அடிக்கடி வரும். உங்கள் சொற்களை அனுப்புங்கள்.

தூயவன் எழுதியது:

லிம்ப் என்றால் நொண்டுவது. ஆகவே நொண்டுநிலை. முடிந்தது. இதற்கு எதற்கு இழை?

உங்கள் மடலில் டர்போ, இன்டர்கூலர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் என்று வரிசையாக வருகிறதே, அதையெல்லாம் யார் திருத்துவது? உந்து, ஊர்தி என்று அருமையான வேர்கள் நம்மிடம் இருக்க, பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து என்று வளர்த்துக் காட்டியிருக்க, அட்டை முழுக்க ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் தேடுவது விந்தை.

மொழிபெயர்ப்புக்காரி எழுதியது:

தூயவன் ஐயா, மகிழுந்து என்று எழுதலாம். ஆனால் டோல்கேட்டில் நின்று "என் மகிழுந்து நின்றுவிட்டது" என்று போனில் சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் யோசிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

நொண்டுநிலைக்கு எனக்கு இரண்டு மறுப்பு. ஒன்று, நொண்டி என்பது மனிதரைக் குறிக்கும்போது வசவு. அரசாங்கமே மாற்றுத்திறனாளி என்று எழுதும் காலத்தில் புதிதாக ஒரு அட்டையில் அதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவதுதான் முக்கியம். நொண்டுநிலை என்று படித்த உடனே ஓட்டுகிறவர் என்ன நினைப்பார்? வண்டி கெட்டுப்போச்சு என்றுதானே? கெட்டுப்போகக் கூடாது என்றுதான் வண்டி இப்படிச் செய்கிறது. ஆகவே தற்காப்புநிலை.

நிகண்டுப்பித்தன் எழுதியது:

அம்மா சொல்வது புரிகிறது. ஆனாலும் நொண்டியை அவ்வளவு எளிதில் கைகழுவ வேண்டாம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்று ஒரு சிற்றிலக்கிய வகையே இருந்தது. கதை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒரு திருடன் தாசியிடம் மயங்கிக் கைப்பொருளை இழக்கிறான். மறுபடி பொருள் தேடக் குதிரை திருடப் போகிறான். பிடிபடுகிறான், கால் போகிறது. பெரியவர் ஒருவர் நல்வழி சொல்ல, தலத்துக்குப் போய் வழிபட்டு இழந்த காலைத் திரும்பப் பெறுகிறான். இத்தனையையும் மேடையில் நொண்டிக்கொண்டே அவனே பாடுவான். அந்தப் பாட்டின் நடைதான் நொண்டிச் சிந்து.

இப்போது பாருங்கள். தன் வசதிக்கு மீறிய குதிரைக்கு ஆசைப்பட்டவன் கால் இழக்கிறான். நம் ஆட்களும் குதிரைத்திறனுக்கு ஆசைப்பட்டுத்தானே இந்த நிலைக்கு வருகிறார்கள்? இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியில் கிடைக்கும்?

நொண்டி என்பதற்கு ஒற்றைக் காலில் துள்ளும் ஆட்டம் என்றும் பொருள் உண்டு. பிள்ளைகள் நொண்டியடிக்கிறார்கள் என்றால் யாரும் வசவாக எடுப்பதில்லை. பெங்களூரில் கன்னடப் பிள்ளைகள் குண்ட்டெபில்லெ என்று ஆடுவதும் அதே கட்டம்தான். கன்னடத்தில் குண்ட்டு என்றால் நொண்டு. நம்முடைய குந்து என்பதோடு இதற்கு உறவு இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஐயம். குந்து, குத்து, குதி, குதிரை...

கியர்பாக்ஸ் எழுதியது:

ஐயா, குதிரையை அங்கேயே கட்டிவிட்டு வாங்க.

நான் பெங்களூர் ஜேசி ரோடு பக்கம் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவன். எங்கள் கடையில் யாரும் நொண்டுநிலை என்றும் சொல்வதில்லை, தற்காப்பு என்றும் சொல்வதில்லை. "லிம்ப் அடிச்சிடுச்சு" என்போம். வண்டிக்காரர்கள் வந்து "இழுக்கலை", "மூச்சு வாங்குது", "மக்கர் பண்ணுது" என்பார்கள். அதிலிருந்தே முக்கால்வாசி புரிந்துவிடும். மீதிக்கு ஸ்கேனர்.

அட்டையில் சொல்லைவிட முக்கியமாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. பெரிய டர்போ போட்ட வண்டியில் அதிகம் நடப்பது ஹோஸ் கழன்றுகொள்வது. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கம்பெனி அழுத்தத்துக்குச் செய்தது. அழுத்தத்தைக் கூட்டிவிட்டுக் கிளாம்பை மட்டும் பழையதாகவே வைத்திருப்பார்கள். ஊருக்குள் தாங்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகச் சூடேறி, ஒரு ஓவர்டேக்கில் முழுசாக மிதித்ததும் 'பட்' என்று கழன்றுவிடும். ஈசியூ கேட்ட காற்று வரவில்லை, லிம்ப். ஆகவே டிக்கியில் இரண்டு கிளாம்பும் ஒரு ஸ்குரூ டிரைவரும் இருக்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பெட்ரோல் விஷயம் வேறு. பெங்களூரில் 99, 100 ஆக்டேன் கிடைக்கிறது என்று அதற்கேற்ற மேப் ஏற்றிக்கொள்கிறார்கள். வழியில் எல்லா பங்கிலும் அது கிடைக்காது. சாதாரண பெட்ரோலில் அதே மேப்பில் மிதித்தால் நாக் வரும், அதாவது என்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும். ஈசியூ முதலில் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும். அப்போது வண்டி மந்தமாகத் தெரியும். அது லிம்ப் இல்லை. எத்தனையோ பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு போன் செய்கிறார்கள். உங்கள் புதுச்சொல் அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டாமல் இருந்தால் போதும்.

சாவியை அணைத்துச் சற்றுநேரம் விட்டுப் போட்டால் பல வண்டிகள் சரியானதுபோல ஓடும். அதுதான் ஆபத்து. சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ஒரு லாரியை முந்தப் போவார்கள், பாதியில் பலம் போய்விடும், எதிரில் பஸ். தருமபுரி தாண்டிச் சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் பலம் போனாலும் பரவாயில்லை, கீழேதானே போகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது அதே தொப்பூரில் ஏறுகிறபோது போனால்தான் தெரியும்.

பொதுநலன் எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் சொல்லியிருக்கிறது. சட்டத்துக்கு வெளியே ஓடும் வண்டிக்கு எதற்குச் செந்தமிழ்?

அல்சூரான் எழுதியது:

பொதுநலன் சார், லிம்ப் மோடு கம்பெனி வண்டியிலும் வரும். சொல் அவர்களுக்கும் உதவும். அட்டையின் முதல் பக்கத்திலேயே சட்டத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. அதற்கு வேறு இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

கியர்பாக்ஸ் தம்பி, மிக்க நன்றி. கிளாம்பு பெரிய எழுத்தில் வருகிறது. நாக் வேறு, லிம்ப் வேறு என்பதையும் சேர்த்துவிட்டேன். எனக்கு இன்னும் சொல் வரவில்லை.

தூயவன் எழுதியது:

தற்காப்புநிலை என்றால் கராத்தே வகுப்பு நினைவுக்கு வருகிறது. தவிர, காப்பது வண்டி, யாரிடமிருந்து? ஓட்டுகிறவரிடமிருந்து! அதை அட்டையிலேயே சொல்வது நாகரிகமில்லை.

மொழிபெயர்ப்புக்காரி எழுதியது:

ஐயா, அதுதானே உண்மை. :)

தங்கவயல் எழுதியது:

ரொம்ப நாளாக வெறுமனே படித்துக்கொண்டிருப்பவன். ஒன்று தோன்றுகிறது.

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காலில் அடிபட்டால் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துதான் வருவார். "தாங்கித் தாங்கி நடக்கிறார்" என்பாள் அம்மா. நொண்டுகிறார் என்று சொல்லமாட்டாள். வலிக்கிற காலில் முழு பாரத்தையும் வைக்காமல், அதைக் காத்துக்கொண்டு, ஆனாலும் வீடு வரை வந்து சேர்வது. அல்சூரான் முதல் மடலில் விளக்கியது இதுதானே? தாங்குநடை என்று வைக்கலாமா?

நிகண்டுப்பித்தன் எழுதியது:

அருமை! தாங்கு என்பதில் நோவும் இருக்கிறது, காப்பும் இருக்கிறது. மொழிபெயர்ப்புக்காரி அம்மாவின் மறுப்பு இரண்டும் தீர்ந்தன. தாங்குநடை வினைத்தொகை. தாங்கிய, தாங்குகிற, தாங்கும் என்று மூன்று காலத்தையும் உள்ளடக்கும். ஊறுகாய், சுடுசோறு போல.

நடை என்பதற்குப் பதில் கதி என்றால் இன்னும் பொருந்தும் என்று ஒரு கணம் நினைத்தேன். குதிரைக்கு ஐந்து கதி என்பது பழைய நூல் வழக்கு. தாங்குகதி என்றால் ஆறாவதாக ஒன்று கிடைக்கும். யாராவது அதை எடுத்தால் வல்லினம் மிகுத்துத் தாங்குக்கதி என்று எழுதிவிட வேண்டாம். வினைத்தொகையில் மிகாது.

தூயவன் எழுதியது:

கதி வடசொல். அதை உள்ளே விட முடியாது. நடை சரி. ஆனால் தாங்குநடையில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பேரிங்கைத் தாங்கி என்று கலைச்சொல்லாக எழுதுகிறோம். அட்டையில் தாங்குநடை என்று பார்த்ததும் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பேரிங் பார்க்க ஆரம்பித்தால்?

கியர்பாக்ஸ் எழுதியது:

பேரிங்கைத் தாங்கி என்று எழுதுவது பாடப்புத்தகம் மட்டும்தான் ஐயா. எந்த மெக்கானிக்கும் அப்படிக் கழற்றப் போவதில்லை. பேரிங் போனால் சக்கரத்திலிருந்து 'ஊ' என்று சத்தம் வரும், லிம்ப் வந்தால் சத்தமே குறைந்துவிடும். குழப்பம் வராது.

ஆனால் தாங்குநடை என்று மட்டும் எழுதினால் எனக்கே முதல் தடவை புரியாது. லிம்ப் மோடு என்றும் இருக்கட்டும். கடையில் அதைத்தான் சொல்வோம், போனில் தேடினாலும் அதுதான் வரும்.

தூயவன் எழுதியது:

அப்படியென்றால் எதற்குச் சொல்லாக்கம்? ஒவ்வொரு தடவையும் ஊன்றுகோலாக ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்தால் தமிழ் என்றைக்கு நடக்கும்? ப்ரவுசருக்கு உலாவி என்று நாம் சொன்னபோது சிரித்தார்கள். இன்றைக்கு எழுதுகிறார்களா இல்லையா?

மொழிபெயர்ப்புக்காரி எழுதியது:

எழுதுகிறார்கள். பேசுவதில்லை. அதுவும் இரவில், மலையேற்றத்தில், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது நிச்சயமாகப் பேசமாட்டார்கள். அட்டையைப் படிக்கப்போவது அந்த நேரத்தில்தான் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். தாங்குநடைக்கு என் ஓட்டு, லிம்ப் மோடு முன்னால் வரும் என்றால் மட்டும்.

பொதுநலன் எழுதியது:

சண்டிநிலை என்று யாரும் சொல்லவில்லையே. சண்டி மாடு தெரியாதவர் உண்டா?

தங்கவயல் எழுதியது:

சண்டி மாடு படுத்துக்கொள்ளும் சார். இது நடக்கும்.

அல்சூரான் எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது, அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். தாங்குநடைக்கு நால்வர். நொண்டுநிலைக்குத் தூயவன் ஐயா. நிகண்டுப்பித்தன் ஐயா இரண்டுக்கும் கை தூக்கியிருக்கிறார், அதைத் தாங்குநடைக்கே எழுதிக்கொண்டேன். பொதுநலன் சார் சண்டியை விடுவதாக இல்லை. அட்டையில் போகும் பகுதி இது:

"லிம்ப் மோடு – தாங்கு நடை. திடீரென்று பலம் குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாமல், என்ஜின் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். என்ஜினைக் காக்க வண்டி தானே பலத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். யாரையும் முந்தாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு இன்டர்கூலர் ஹோஸும் கிளாம்பும் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அணைத்துப் போட்டதும் சரியானதுபோல ஓடினாலும் நம்பாதீர்கள், ஒர்க்ஷாப் வரை மெதுவாகவே போங்கள்."

எல்லோருக்கும் நன்றி.

கியர்பாக்ஸ் எழுதியது:

நன்றாக இருக்கிறது அண்ணா. எங்கள் கடைக்கு ஒரு நூறு அட்டை வேண்டும்.

நிகண்டுப்பித்தன் எழுதியது:

தாங்கு, நடை இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறீர்கள். வினைத்தொகையைப் பிரித்து எழுதக் கூடாது. அச்சாகிவிட்டதா?

அல்சூரான் எழுதியது:

ஆகிவிட்டது ஐயா.

தூயவன் எழுதியது:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நொண்டுநிலையை யாரும் பிரித்து எழுதியிருக்கமாட்டார்கள்.