சோலி இல்லாமல் சைக்கிள் ஓடுகிறவர்கள்

கல்லடி உறுப்பினர்

பாதை, தூரம், வேகம் ஆகியவற்றைப் பற்றி, மட்டக்களப்பில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓடும் குழுவினரான நாம் தேவைக்கு மேலேயே பேசிவிட்டோம். ஒரே சுற்றை ஒன்றாக முடித்து வந்த பிறகு, ஒருவருடைய கைத்தொலைபேசி 38 கிலோமீற்றர் என்றும் இன்னொருவருடையது 41 என்றும் காட்டியதை வைத்துக் காந்தி பூங்காவில் அரை மணித்தியாலம் வாதாடியவர்கள் நாம். ஆகவே இம்முறை, வார இறுதிப் பயணங்களில் வழியில் எதிர்ப்பட்ட ஒருவரைப் பற்றி மட்டும் எழுதும்படி எல்லோரையும் கேட்டிருந்தேன். கேட்டவனே தொடங்குவதுதான் முறை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களைத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்தவர்கள் நாம். அவ்வாண்டு ஜூலையில் வாகனத்துக்கு வாகனம் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் கியூ.ஆர். முறை வந்து, பங்கீட்டு அளவில் எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட, ஆறு பேர் மட்டும் ஞாயிறு காலையைக் கைவிடவில்லை. இப்போது பதின்மூன்று, பதினான்கு பேர் வருகிறோம். எவரையும் வழியில் விட்டுவிட்டுப் போவதில்லை என்பது எங்கள் ஒரே சட்டம். அதற்காகப் பம்ப், மாற்று டியூப், ஒட்டுச் சாமான் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கடைசியில் வருபவரை 'வால்' என்று அழைக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக நான்தான் வால். பொறுப்புணர்ச்சியால் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்வதுண்டு. என்னைவிட மெதுவாக ஓடுகிறவர் இன்னும் சேரவில்லை என்பதே உண்மை.

நான் சொல்ல வந்தது ஒரு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வழமைபோல் கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடியின் பேரீச்ச மரங்களுக்கிடையே வரிசையாகச் சென்று, ஆரையம்பதி தாண்டி வலப்புறம் திரும்பி மண்முனைப் பாலத்தில் ஏறினோம். 2014இல் இந்தப் பாலம் திறக்கப்படும்வரை இவ்விடத்தில் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும் என்பதையும், பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கும் மிதவைப் படகு என்பதையும், கொழும்பிலிருந்து வந்திருந்த நண்பருக்கு விளக்கிக்கொண்டே வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கொக்கட்டிச்சோலையில் தேநீர் குடித்துவிட்டு, வவுணதீவு வழியாக வலையிறவுப் பாலத்துக்கு வந்து நகருக்குத் திரும்புவதே அன்றைய திட்டம்.

கொக்கட்டிச்சோலையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தார் வீதியின் ஒரு பாதி முழுவதும் நெல் பரப்பியிருந்தது. வாகனங்கள் ஏறாமலிருக்கக் கரையோரமாகக் கற்களும் ஒடித்த மரக்கிளைகளும் வைத்திருந்தார்கள். எதிரே உழவு இயந்திரம் ஒன்று பெட்டியோடு வந்தபோது, முன்னால் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு ஓடிய மூவர் நின்று வழிவிடுவதற்குப் பதிலாக நெல்லின் மேலால் ஏறிப் போய்விட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் தும்புத்தடியுடன் வீதிக்கு ஓடி வந்தார். குற்றம் செய்தவர்கள் அதற்குள் ஐம்பது யார் தள்ளிப் போய்விட, வாலாக வந்த நானே முழு ஏச்சையும் வாங்கினேன். "கண் தெரியல்லியா மனே? மனிசர்ர நெல்லுக்கு மேலால ஓடிக்கிட்டுப் போறீங்க!"

இறங்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கூட்டிச் சென்று டயர் போன தடத்தைக் காட்டினார். காற்று இறுக அடித்த மெல்லிய டயர்கள் போன கோட்டில் உமி பிளந்து வெள்ளை அரிசி தெரிந்தது. சிறு கற்களும் நெல்லோடு சேர்ந்து அழுத்தப்பட்டுக் கிடந்தன. முன்பெல்லாம் வெட்டிய வேளாண்மையைக் கட்டிச் சூடு வைத்து, அதாவது போராக அடுக்கி, களவெட்டியில் மிதிப்பதற்குள் கதிர் ஓரளவு உலர்ந்துவிடும். இப்போது அறுவடை இயந்திரம் வெட்டிய கையோடு அடித்துக் கொட்டுவதால் நெல் ஈரத்தோடுதான் வீட்டுக்கு வருகிறது. ஈரம் 14 வீதத்துக்கு மேலிருந்தால் நெல்லுக்கு முழு விலை கிடைக்காது; தனியார் வியாபாரியும் விலையைக் குறைத்தே எடுப்பார். சீமெந்துக் களம் இல்லாத குடும்பத்துக்குச் சூடான தார் வீதியை விட்டால் வேறு இடம் இல்லை. அவர் ஒரு நெல்லை எடுத்து முன்பல்லால் கடித்தார். காய்ந்த நெல் 'டக்' என்று முறிய வேண்டுமாம். இது இன்னும் பல்லில் நசிகிறது என்றார். எனக்கும் ஒன்றைத் தந்தார். நானும் கடித்துப் பார்த்தேன், நசிந்தது.

இதற்குள் முன்னால் போனவர்கள் திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர்தான் மேற்கே வானம் கறுத்திருப்பதை முதலில் கண்டார். மகன் லொறி பேசுவதற்காகச் சந்திக்குப் போயிருந்தான். வீட்டில் அம்மாவும் ஒரு பேரப்பிள்ளையும் மட்டுமே. யாரும் யாரையும் கேட்கவில்லை. சைக்கிள்களை வேலியோரம் சாய்த்துவிட்டு வேலையில் இறங்கினோம். கயிறு கட்டிய பலகையை இருவர் இழுக்க, ஒருவர் மேலே அழுத்தி நின்று நெல்லைக் குவிக்க, மற்றவர்கள் சுளகாலும் வாளியாலும் வெறுங்கையாலும் சாக்குகளில் அள்ளினார்கள். வங்கியில் உத்தியோகம் பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவருக்குச் சாக்கூசி பிடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் தெரிய வந்தது. அவர் தைத்த வாய் ஒன்றுகூட அவிழவில்லை. இருபதுக்கு மேற்பட்ட மூட்டைகளை விறாந்தையில் ஏற்றிப் படங்கால் மூடும்போது முதல் துளிகள் விழுந்தன. மழை அடங்கும்வரை உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத் தேநீர் குடித்தோம். எந்த மூவர் நெல்லின் மேல் ஏறினார்கள் என்பதை அவர் கடைசிவரை கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பெரும்போக அறுவடைக் காலத்திலும் சிறுபோக அறுவடைக் காலத்திலும் படுவான்கரை வீதிகளில் ஒற்றை வரிசையில்தான் போகிறோம். முன்னால் போகிறவர் 'குழி', 'மாடு', 'பஸ்' என்று பின்னால் வருகிறவர்களுக்குக் குரல் கொடுப்பதோடு, 'நெல்' என்பதும் சேர்ந்துகொண்டது.

காத்தான்குடி உறுப்பினர்

என்னுடைய அனுபவம் மானம் போன அனுபவம். ஜூன் மாதம், கச்சான் காற்று வீசுகிற நாட்கள். உன்னிச்சைக் குளம்வரை போவதென்று முடிவெடுத்தவர்கள் சிலர் நேரம் பிந்தி வந்ததால், வலையிறவுப் பாலத்துக்கு நாங்கள் வரும்போது ஏழரை மணியாகிவிட்டது. மேற்கே போகிறவனுக்குக் கச்சான் நேர் முகத்தில் அடிக்கும். மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லாத வாவி வெளியில் அடுப்பு வாயிலிருந்து வருவது போல் வரும். ஒருவர் முன்னால் காற்றை வாங்க மற்றவர்கள் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுவதும், இரண்டு நிமிடத்துக்கொருமுறை முன்னால் ஓடுகிறவரை மாற்றுவதும் நமது வழக்கம். அப்படி முறை வைத்து, 21 கியரில் ஆக இலேசானதைப் போட்டு மிதித்தும் வண்டி நகர மறுத்தது.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்), கெரியரில் ரெஜிபோம் மீன்பெட்டியைப் பழைய டியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டிய, கியர் எதுவுமில்லாத பழைய சைக்கிளில், எங்கள் எட்டுப் பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போனார். அவசரப்பட்டதாகவும் தெரியவில்லை.

வவுணதீவுக்கு அப்பால் ஒரு சந்தியில் அவர் சூடை மீன் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றபோதுதான் அவரைப் பிடித்தோம். எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சும்மா சைக்கிள் ஓடத்தான் வந்தோம் என்றேன். "சோலி ஒண்டும் இல்லாமலா?" என்று கேட்டுவிட்டு, தராசுத் தட்டைக் கீழே வைத்து என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு பார்வை என் சைக்கிளுக்கு இறங்கியது. "சீட்டு பதிவு, உயரம் காணாது தம்பி. இப்படி முழங்கால மடிச்சி மிதிச்சா எப்படி இழுக்கும்?" என்றார். ஏறி உட்காரச் சொன்னார். பெடலை அடியில் நிறுத்தி, பாதத்தை எடுத்துவிட்டுக் குதிகாலை அதன்மேல் வைக்கச் சொன்னார். குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், என்னுடையது மடிந்தே நின்றது. மீன்பெட்டிக்கு அடியிலிருந்து சாவி ஒன்றை எடுத்து, சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தி இறுக்கித் தந்தார். எத்தனையோ காணொளிகளைப் பார்த்து, ஆயிரக்கணக்கில் செலவழித்து, மாதக்கணக்காக முழங்கால் நோவுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தவன் நான்.

காசு வாங்க மறுத்தார். அதனால் ஒரு கிலோ சூடை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் என்னிடம் பை இல்லை என்பதும், சைக்கிள் சட்டைக்கு முதுகுப்புறத்தில் பொக்கற் உண்டு என்பதும் நினைவுக்கு வந்தன. எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட அன்று யாரும் முன்வரவில்லை. உம்மா அந்தச் சட்டையை மூன்று முறை கழுவினார்.

களுவாஞ்சிக்குடி உறுப்பினர்

நான் ஆசிரியை. பாடசாலைக் காலத்தில் சைக்கிளில் போய் வந்தவள், திருமணத்தோடு அதை விட்டு, 19 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் குழுவோடு மீண்டும் தொடங்கினேன். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போன ஒரு காலை எனக்கு மறக்காது.

மோட்டார் சைக்கிள்கள், காய்கறிச் சாக்குகள், நாங்கள் ஒன்பது பேர் என்று மிதவை நிறைந்திருந்தது. மண்டூர்க் கோயிலுக்குப் போகும் வயதான அம்மம்மா ஒருவர் என் நீளக் காற்சட்டையையும் தலைக்கவசத்தையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லத்தான் போகிறார் என்று நான் பதிலைக்கூட ஆயத்தப்படுத்திவிட்டேன். அவர் கேட்டது வேறு. "ஆரு பெத்த புள்ள நீ?" ஊரைச் சொன்னேன், அம்மாவின் பெயரைச் சொன்னேன். மட்டக்களப்பில் அதோடு விட மாட்டார்கள், தாய்வழியில் வரும் குடி எது என்று கேட்டார். சொன்னதும் விரல்விட்டு எண்ணி, நான் அவருக்கு மருமகள் முறை என்று தீர்த்துவிட்டார். வாவியின் நடுவில் எனக்கு ஒரு மாமி கிடைத்தார்.

உறவு நிலைநாட்டப்பட்ட பிறகு குரலைத் தணித்து, தாமும் சைக்கிள் ஓடியதாகச் சொன்னார். அப்பாவின் பெரிய சைக்கிள். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, அரை மிதி மிதியாக ஓடினாராம். பார்த்துவிட்ட அண்ணன் அடித்ததால் ஒரு கிழமையோடு முடிந்துபோன ஓட்டம். இதைச் சொல்லிக்கொண்டே என் ஹேண்டிலைப் பிடித்து, மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். கரை வந்தது. அவர் கோயில் பக்கம் போனார், நாங்கள் வெல்லாவெளி பக்கம் போனோம். திரும்பும் பயணத்தில் அவரைத் தேடினேன், காணவில்லை.

செங்கலடி உறுப்பினர்

மேலே எழுதிய அதே பயணத்தில் நானும் இருந்தேன். வெல்லாவெளிக்குப் போகும் வழியில் நடந்ததை அவர் விட்டுவிட்டார். வீதியின் நடுவே யானை லத்தி கிடந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. இரவு முழுவதும் பரணில் காவலிருந்து, கையில் மின்சூளும் மடியில் யானை வெடியுமாக வந்த விவசாயி எங்களை மறித்தார். யானை பற்றைக்குள்தான் நிற்கிறது, அரை மணித்தியாலம் நில்லுங்கள் என்றார். நின்றோம். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு எங்களோடு நின்றார், அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பிறகு, இனிப் போகலாம் என்றார். யானையை நாங்கள் பார்க்கவில்லை. இதை அனுபவம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் எங்களில் ஒருவரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

கல்லடி உறுப்பினர்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. வரும் ஞாயிறு மண்முனைச் சுற்று. கச்சான் தொடங்கிவிட்டதால் ஐந்தரைக்குப் பதிலாக ஐந்தேகாலுக்குப் புறப்படுகிறோம். பிந்தி வருகிறவர்கள் காத்தான்குடியில் வந்து சேரலாம். ஆளுக்கொரு மாற்று டியூப் கட்டாயம், மீன் வாங்கும் எண்ணமுள்ளவர்கள் பையும் கொண்டு வரவும்.

காத்தான்குடித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை முற்றத்தில் என் சைக்கிளில் ஏறிக் குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாக வாலாக ஓடிய என் சீட்டும் பதிவாகத்தான் இருந்தது. உயர்த்தி இறுக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாலாக வர வேறு யாரையாவது பார்த்து வையுங்கள்.